சம்பளமும் ஊர்ச்செலவும் ஒப்பிடும் தளங்கள்: திருகோணமலையில் இருந்து ஒரு பார்வை

நம்பியோ (Numbeo) நல்ல இணையத்தளம். காசு கேட்பதில்லை, உலகத்தின் எந்தப் பெரிய நகரத்தின் பெயரைப் போட்டாலும் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து என்று விலைகளை வரிசையாகக் காட்டிவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. ஆனால் இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்ததும் மேலே பெரிதாக ஒரு வரி வருமே, அந்த ஊரில் இவ்வளவு காசோடு வாழ்கிற வாழ்க்கையை இந்த ஊரில் வாழ இவ்வளவு போதும் என்று, அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை எடுப்பதோ விடுவதோ சம்பளம் பேசுவதோ கூடாது என்பது என் உறுதியான கருத்து. திருகோணமலையில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் மென்பொருள் வேலை செய்கிறவர்கள் முன்பெல்லாம் கொழும்பில்தான் இருந்தார்கள். இப்போது அப்படியில்லை. உவர்மலையிலும் பாலையூற்றிலும் அன்புவழிபுரத்திலும் அறைக்குள் இருந்துகொண்டே கொழும்பு நிறுவனத்துக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அண்ணா, கொழும்பில் மூன்று இலட்சம் தருகிறார்கள், வீட்டில் இருந்தே செய்வதென்றால் குறைத்துத்தான் தருவார்களாம், எது நல்லது? இல்லாவிட்டால் சிங்கப்பூரா லண்டனா என்ற கேள்வி. கேட்கும்போதே நம்பியோவில் எடுத்த ஒரு படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள்.

சரி, அந்தத் தளம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். கூகுளில் வேலை செய்த மிலாடன் அடமோவிச் என்ற செர்பிய மென்பொருள் பொறியியலாளர் 2009இல் தொடங்கியது இது. விலைகளை அவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேகரிப்பதில்லை. பெரும்பாலும் உங்களையும் என்னையும் போல ஆட்கள் உள்ளே போய் எங்கள் ஊரில் அரிசி இவ்வளவு, வாடகை இவ்வளவு என்று போடுகிறார்கள். மிகக் கூடியதாகவும் மிகக் குறைந்ததாகவும் தெரிகிற பதிவுகளைத் தள்ளிவிட்டு மீதியில் சராசரி எடுக்கிறார்கள். அதைக் கொண்டு நியூயோர்க்கை 100 என்று வைத்து மற்ற நகரங்களுக்குச் சுட்டெண் போடுகிறார்கள். வாடகை இல்லாமல் ஒரு சுட்டெண், வாடகைக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒன்று, கடைச் சாமானுக்கு ஒன்று, வெளியே சாப்பிடுவதற்கு ஒன்று என்று பிரித்துத் தருவது உண்மையிலேயே உதவியான விஷயம். ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று ஒரு வீச்சும் போட்டிருப்பார்கள். சராசரியை விட அந்த வீச்சுத்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் ஒரு நகரத்துக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடும்.

லண்டன், சிங்கப்பூர், ரொறன்ரோ போன்ற இடங்களுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். நிறையப் பேர் பதிவு போடுகிறார்கள், அதனால் ஒருவர் இருவருடைய பிழை அடிபட்டுப் போய்விடும். சிங்கப்பூரில் இருந்து மெல்பேர்ணுக்கு மாறுகிற ஒருவருக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை. பதிவு போடுகிறவர்கள் குறைவாக இருக்கிற சிறிய ஊருக்குத்தான் சிக்கல். பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே உள்ள இலக்கத்தைப் பார்க்க வேண்டும். திருகோணமலை மாதிரி ஊருக்கு இன்னொரு விஷயமும் சேர்கிறது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற காலம். கடற்கரைக் கடையில் ஒரு மீன் சாப்பாட்டுக்கு அவர்கள் கொடுக்கிற விலையும், பஸ் நிலையத்தடிக் கடையில் நாங்கள் சோறும் நாலு கறியும் சாப்பிடுகிற விலையும் ஒரே சராசரிக்குள் போய் விழுந்தால் வருகிற இலக்கம் யாருக்குமே உண்மையாக இருக்காது.

அந்தப் பெரிய வரிக்கு வருகிறேன். அதன் கீழே சின்னதாக இரண்டு நிபந்தனை எழுதியிருக்கிறது. ஒன்று, இரண்டு ஊரிலும் நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள். இரண்டு, சொல்லப்படுகிற காசு வரி போக மிச்சமாகக் கையில் வருவது. தளம் நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறது, படிக்காமல் விடுவது நாங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அம்மா அப்பாவின் வீட்டில் இருக்கிறார்கள், கலியாணம் முடித்தவர்கள் சீதன வீட்டில் இருக்கிறார்கள். முதல் நிபந்தனையே பொருந்தவில்லை. அது மட்டுமென்றால் வாடகையில்லாத சுட்டெண்ணை எடுத்துக் கணக்குப் பார்த்துவிடலாம். பெரிய பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது: அந்த வரி உங்கள் செலவை மட்டுமல்ல, நீங்கள் மிச்சம் பிடிக்கிற காசையும் சேர்த்து அதே விகிதத்தில் குறைத்துவிடுகிறது.

இதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன், செலவுத் தொகைகள் கணக்குக்காக நான் எடுத்தவை, நீங்கள் உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். கொழும்பில் மாதச் சம்பளம் 3,00,000 ரூபாய். ஈபிஎஃப்புக்கு, அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு, உங்கள் பங்கு 8 வீதம், 24,000 போய்விடும். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 1,50,000 வரை வருமான வரி இல்லை, அதற்கு மேலே 6 வீதத்தில் தொடங்கி 18, 24 என்று ஏறிப் போகும், மூன்று இலட்சத்துக்கு வரி 18,500 வரும். கையில் 2,57,500. வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ வாடகை, சாப்பாடு, ஓட்டோ, மாதத்தில் ஒரு தடவை ஊருக்கு வந்து போவது எல்லாம் சேர்த்து 1,80,000 செலவென்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 77,500. அதே ஆள் அதே தரத்தில் திருகோணமலையில் வாழ 1,00,000 போதும் என்று வைப்போம். ஒப்பிடும் முறைப்படி விகிதம் 1,80,000க்கு 1,00,000. அப்படியென்றால் கொழும்பில் 2,57,500 கையில் வருகிற வாழ்க்கைக்குத் திருகோணமலையில் ஏறத்தாழ 1,43,000 கையில் வந்தால் சமம் என்று பதில் வரும். சமமா? செலவு ஒரு இலட்சம் போக மிச்சம் 43,000. கொழும்பில் 77,500 மிஞ்சியது, இங்கே 43,000தான் மிஞ்சுகிறது. ஆனால் தளம் இரண்டையும் ஒரே வாழ்க்கை என்கிறது.

மிச்சப் பணத்தால் வாங்குகிற சாமான் எதுவும் திருகோணமலைக்கென்று மலிவாக வருவதில்லை. லப்டொப் கொழும்பு விலைதான், சில சமயம் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். விமான டிக்கெட் ஒரே விலை. தங்கச்சியின் கலியாணத்துக்கு வாங்குகிற நகையும் ஒரே விலை. வெளிநாட்டில் மேற்படிப்புக்குக் கட்டுகிற காசு டொலரிலும் பவுணிலும்தான் இருக்கிறது. ஆகவே கொழும்பில் இருக்கிற அதே மிச்சம் இங்கேயும் வர வேண்டுமென்றால் கையில் 1,77,500 வேண்டும், அதற்கு மாதச் சம்பளம் கிட்டத்தட்ட 1,96,000 ஆக இருக்க வேண்டும். தளத்தின் விகிதப்படி போனால் 1,56,000 சம்பளமே போதும் என்று வரும். இந்த நாற்பதாயிரம் வித்தியாசத்தைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் சம்பளம் பேசுகிற மேசையில் அது அப்படியே உங்கள் கையில் இருந்து போகிற காசு.

ஈபிஎஃப்பை இதில் இன்னும் சேர்க்கவில்லை. உங்கள் 8 வீதத்தோடு நிறுவனம் 12 வீதம் போடுகிறது, ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தனியாக. மூன்று இலட்சச் சம்பளத்துக்கு மாதம் 60,000 ஈபிஎஃப்பில் சேரும், 1,56,000க்கு 31,200தான் சேரும். இது ஓய்வு காலத்துக் காசு, நான் பார்த்த எந்த ஒப்பீட்டுத் தளத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்துவிட்டு மீதியை வேறு வேறு பெயரில் தருவார்கள், அப்போது இந்தக் காசும் சுருங்கிப் போகும். ஆகவே ஒப்புக்கொள்ளுமுன் எந்தத் தொகைக்கு ஈபிஎஃப் கட்டப்படும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இதை இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். நீங்கள் ஊரில் இருப்பதால் அந்த மூன்று இலட்சத்தில் 30 வீதம் குறைப்போம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் கோபப்பட்டு எழும்ப வேண்டியதில்லை. 2,10,000க்கு ஈபிஎஃப் 16,800, வரி 3,600, கையில் 1,89,600. ஒரு இலட்சம் செலவு போக 89,600 மிச்சம், கொழும்பில் மூன்று இலட்சத்துக்கு மிஞ்சியதை விடக் கூட. அம்மாவின் கைச் சாப்பாடும் சேர்ந்து கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிழமையில் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்ற நிபந்தனை அதனுள்ளே இருந்தால் முழுக் கணக்கும் குலைந்துவிடும். கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர், இரவு ரயிலோ ஹபரணை வழி பஸ்ஸோ எதுவானாலும் ஒரு இரவு போய்விடும், அங்கே தங்க இடம் வேண்டும், அந்த அறைக்கு மாதம் முழுக்க வாடகை கொடுப்பீர்கள். இரண்டு ஊரின் செலவையும் ஒரே சம்பளத்தில் தாங்குகிற நிலை அது. அதற்கு முழுதாகக் கொழும்பில் இருப்பதே நல்லது.

அடுத்தது அவர்களுடைய கூடை, அதாவது எந்தெந்தச் சாமானின் விலையைச் சேர்க்கிறார்கள் என்பது. பாண், அரிசி, முட்டை, கோழி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் இருக்கிறது, சரி. கூடவே ஒரு கிலோ சீஸ், ஒரு போத்தல் வைன், மார்ல்போரோ சிகரெட், லெட்டூஸ், மெக்டொனால்ட்ஸ் சாப்பாடு, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிற டெனிஸ் திடல், ஒரு வோக்ஸ்வாகன் கோல்ஃப் கார். இலங்கையில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். தேங்காய் இல்லை. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாய் அளவுக்குப் போனபோது எங்கள் வீடுகளில் சொதியும் சம்பலும் எப்படிச் சுருங்கின என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தச் சுட்டெண்ணுக்கு அது தெரியாது. பால்மா இல்லை, பசும்பால் ஒரு லீற்றர் இருக்கிறது. கடல் மீன் என்று ஒரு வரியே இல்லை. கடலோரத்து ஊரின் சாப்பாட்டுச் செலவை மீன் இல்லாமல் எப்படிப் போடுவது? கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் சூரையும் பாரையும் மலிந்து கிடக்கும், ஐப்பசி தாண்டி வாடைக் காற்றும் மழையும் தொடங்கினால் படகு இறங்காது, அதே மீன் விலை எங்கேயோ போய்விடும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கொழும்பில் இருப்பவர் அவ்வளவாக உணரமாட்டார், நாங்கள் ஒவ்வொரு வருடமும் உணர்கிறோம்.

ஊர் மலிவு என்ற நினைப்பையும் கொஞ்சம் திருத்த வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் விலை மாறும், கொழும்பில் இருந்து தூரம் கூடக் கூட போக்குவரத்துச் செலவும் சேரும், அந்த வகையில் எங்களுக்கு விலை கூடத்தான். மின்சாரக் கட்டணம் நாடு முழுக்க ஒன்று, ஆனால் அலகு கூடக் கூட ஒவ்வொரு படியாக ஏறுகிற கட்டணம் அது. கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதங்களில் பகல் முழுக்க அறையில் இருந்து வேலை செய்கிறவர் ஏசி போடாமல் இருக்க முடியாது, அலுவலகத்தில் இருக்கிறவருக்கு அந்தக் காசை நிறுவனம் கட்டுகிறது. வீட்டில் இருந்து வேலை என்றால் அந்தக் கறண்ட் பில் உங்களுடையது. அதோடு ஃபைபர் இணைப்பு ஒன்று, அது அறுந்தால் இன்னொன்று, கறண்ட் போனால் யூபிஎஸ் அல்லது இன்வேர்ட்டர். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் தொடங்கியதால் ஃபைபர் வராத இடங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது, ஆனால் அதுவும் செலவுதான். இதையெல்லாம் சேர்த்துத்தான் நான் மேலே ஒரு இலட்சம் போட்டேன்.

மறுபக்கம், கொழும்பில் வீடு எடுக்கிறவர்களுக்கு முற்பணம் என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடத்து வாடகை முன்கூட்டியே கேட்பார்கள். முதல் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அந்தக் காசை எங்கே இருந்து எடுப்பது? பெரும்பாலும் அப்பாவின் சேமிப்பில் இருந்து அல்லது நகையை அடகு வைத்து. மாத வாடகையை மட்டும் காட்டுகிற தளத்தில் இது தெரியாது. படிப்புச் செலவும் அப்படித்தான். நம்பியோவின் பட்டியலில் சர்வதேச ஆரம்பப் பாடசாலையின் கட்டணம் இருக்கிறது. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரிக்கோ ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரிக்கோ பிள்ளையை அனுப்புகிற குடும்பத்துக்கு அந்த வரியே தேவையில்லை, டியூசன் காசுதான் தேவை.

சம்பளப் பக்கத்துக்கு வந்தால், நம்பியோவில் ஒரு நகரத்தின் சராசரிச் சம்பளம் என்று காட்டுவது எல்லாத் தொழிலுக்கும் சேர்த்தது. மென்பொருள்காரருக்கு அது உதவாது. அதற்கு லெவல்ஸ் எஃப்.ஒய்.ஐ. (Levels.fyi) போக வேண்டும். 2017இல் தொடங்கிய தளம், எந்த நிறுவனத்தில் எந்தப் படிநிலைக்கு எவ்வளவு என்று அடிப்படைச் சம்பளம், பங்கு, போனஸ் மூன்றையும் பிரித்துக் காட்டும். அமெரிக்கப் பெரிய நிறுவனங்களுக்கு இதைவிட நல்லதொன்று எனக்குத் தெரியாது. வேலைக்கான கடிதம் வந்த பிறகு எவ்வளவு கூட்டிக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள அது மிகப் பெரிய துணை. இலங்கை நிறுவனங்களுக்கு அதையே முழுதாக நம்பி இருக்காமல் அதே நிறுவனத்தில் இருக்கிற அண்ணாமார் அக்காமாரிடம் கேளுங்கள், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இல்லாத நிறுவனம் கொழும்பில் குறைவு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், லெவல்ஸில் இருப்பது வரிக்கு முந்திய காசு, நம்பியோவின் ஒப்பீடு வரி போன பிறகான காசு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்க்கிறவர்களை நான் நிறையக் காண்கிறேன். இங்கிலாந்தை எடுங்கள். திறன்சார் தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் இருந்து வருடம் 41,700 பவுண், சில மென்பொருள் வேலைகளுக்குத் தனி வரம்பு அதைவிடக் கூட. அந்த 41,700ஐப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 3,475. முதல் 12,570க்கு வருமான வரி இல்லை, மேலே உள்ளதற்கு 20 வீதம், அதோடு தேசிய காப்புறுதி 8 வீதம். கையில் வருவது 2,795 பவுண் அளவில், ஓய்வூதியக் கழிவு இருந்தால் இன்னும் குறையும். விசாவோடு சேர்த்து சுகாதாரக் கட்டணம் ஒரு ஆளுக்கு வருடம் 1,035 பவுண், முழு விசாக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும், மூன்று வருடம் என்றால் 3,105. நிறுவனம் கட்டுகிறதா நீங்கள் கட்டுகிறீர்களா என்பதை ஒப்புக்கொள்ளுமுன் கேட்க வேண்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அது இரட்டிப்பு.

சிங்கப்பூரில் கதை வேறு. எம்ப்ளோய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு நிதித்துறை அல்லாத வேலைகளில் குறைந்த மாதச் சம்பளம் 2025இல் இருந்து 5,600 சிங்கப்பூர் டொலர், வயது கூடக் கூட வரம்பும் ஏறும். வெளிநாட்டவர் என்பதால் அவர்களுடைய சேமலாப நிதியான சிபிஎஃப் பிடிக்கமாட்டார்கள். வருமான வரி மாதா மாதம் பிடிக்கப்படாது, அடுத்த வருடம் பில்லாக வரும். 5,600க்கு அது வருடத்துக்கு 2,400 டொலர் அளவில், மாதத்துக்கு 200 என்று தனியாக எடுத்து வைத்தால் போதும். மாதச் சம்பளத்தில் 5,400 உங்களுடையது. நாலு பேரோடு வீட்டைப் பகிர்ந்து அறை எடுக்கிறவருக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு டொலர் செலவு என்று வைத்தால்கூட 2,900 மிச்சம், சிங்கப்பூர் டொலர் 230 ரூபாய் என்று போட்டால் ஆறரை இலட்சத்துக்கு மேல். சிங்கப்பூர் மிகச் செலவான நகரம் என்று எல்லாப் பட்டியலும் சொல்கிறது, உண்மைதான். ஆனால் திருகோணமலையில் காணி வாங்க நினைக்கிற, அம்மா அப்பாவுக்குக் காசு அனுப்புகிற தனி ஆளுக்கு அந்தச் செலவான நகரத்தில்தான் கூட மிஞ்சுகிறது. கலியாணம் முடித்துக் குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் சம்பளம் குறைந்தது 6,000 இருக்க வேண்டும், அப்போது அறை போதாது, வீடு வேண்டும், மிச்சம் வேகமாகக் கரையும். ஒரே நகரம், ஒரே சம்பளம், இரண்டு ஆட்களுக்கு இரண்டு பதில்.

நோமாட் லிஸ்ட் என்று இன்னொன்றும் இருக்கிறது. 2014இல் வந்த தளம், லப்டொப்போடு நாடு நாடாகச் சுற்றுகிறவர்களுக்கானது. அதில் இருக்கிற செலவு பெரும்பாலும் அப்படிக் குறுகிய காலம் தங்குகிறவர்களை வைத்துப் போட்டது. எங்களுக்குப் பொருந்தாது, விட்டுவிடலாம். மேர்சர் என்ற ஆலோசனை நிறுவனம் வெளியிடுகிற நகரச் செலவுப் பட்டியல் பத்திரிகைகளில் அடிக்கடி வரும், அது பெரிய நிறுவனங்கள் தங்கள் அதிகாரிகளை வேறு நாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுப்பது என்று பார்ப்பதற்காகச் செய்வது. அதுவும் எங்கள் கேள்வி அல்ல.

டொலர் விலையை இந்தத் தளங்கள் எப்படிக் கையாளுகின்றன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மத்திய வங்கி பிடியை விட்டதும் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். பாண் வாங்கவும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களிலேயே, எல்லாவற்றையும் நியூயோர்க்கோடு டொலரில் ஒப்பிடுகிற கணக்கில் இலங்கை மலிவான நாடாகத்தான் தெரியும், ஏனென்றால் விலை ஏறிய வேகத்தோடு ரூபாயும் விழுந்தது. டொலரில் சம்பளம் வாங்கியவருக்கு அது உண்மை. ரூபாயில் வாங்கியவருக்கு அதே ஊர் ஒரே வருடத்தில் எட்டாத விலைக்குப் போய்விட்டது. ஆகவே இரண்டு வேலையை ஒப்பிடும்போது சம்பளம் டொலரிலா, டொலருக்குக் கட்டி ரூபாயிலா, வெறும் ரூபாயிலா என்பது ஊரைவிட முக்கியம். டொலருக்குக் கட்டியது என்றால் எந்தத் திகதியின் விலைக்கு, ரூபாய் பலப்பட்டால் என்ன செய்வார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு நேரடியாகச் சேவை செய்து வங்கி வழியாகக் காசை எடுப்பவர்களுக்கு 2025 ஏப்ரல் வரை வரி இல்லாமல் இருந்தது, இப்போது கூடியது 15 வீதம். மூன்று இலட்சம் வருகிறதென்றால் மாத வரி 15,000, வேலை செய்கிறவரின் 18,500ஐ விடக் குறைவு. ஆனால் ஈபிஎஃப் போட ஒரு நிறுவனம் இல்லை, நிறுவனம் போடுகிற அந்த 12 வீதத்தை, 36,000ஐ, நீங்களே ஒதுக்க வேண்டும்.

ஊரைப் பார்த்துச் சம்பளம் போடுவது சரியா என்பதில் உலக நிறுவனங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கிட்லாப் எல்லோரையும் வீட்டில் இருந்து வேலை செய்ய விட்ட மென்பொருள் நிறுவனம், இடத்துக்கு ஒரு காரணி வைத்துச் சம்பளத்தைப் பெருக்குகிறார்கள், ஆனால் அந்தக் காரணி வாழ்க்கைச் செலவை வைத்ததல்ல, அந்த ஊரின் சந்தைச் சம்பளத்தை வைத்தது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். 37சிக்னல்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனம், நீங்கள் எங்கே இருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ சந்தையின் மேல்மட்டச் சம்பளத்தையே தருவோம் என்கிறது. என் பக்கம் எது என்று கேட்டால் இரண்டாவதுதான். நான் எழுதுகிற கோட் திருகோணமலையில் இருந்து வந்ததென்று ஓடும்போது மெதுவாக ஓடுவதில்லை. ஆனால் அதை எதிர்பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியாது, கேட்கிற இடத்தில் நியாயமான இலக்கத்தோடு போக வேண்டும். நம்பியோ காட்டுகிற விகிதத்தை உங்களுக்கு முன்னே ஒருவர் வைத்தால் மேலே போட்ட கணக்கை வைத்துப் பதில் சொல்லுங்கள்: என் செலவு குறையும், ஒப்புக்கொள்கிறேன், குறைகிற செலவில் ஒரு பங்கை விட்டுத்தரவும் தயார், ஆனால் என் சேமிப்பையும் சேர்த்து ஏன் குறைக்கிறீர்கள்?

ஆக, என் மதிப்பு: வெளிநாட்டுப் பெரிய நகரங்களின் வாடகையையும் சாப்பாட்டு விலையையும் தெரிந்துகொள்ள நம்பியோவுக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன். திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையே முடிவெடுக்க ஐந்தில் இரண்டு, அதுவும் மேலே வருகிற வரியை மூடிவிட்டுக் கீழே உள்ள விலைகளை மட்டும் பார்த்தால். லெவல்ஸுக்கு வெளிநாட்டு வேலை என்றால் ஐந்தில் நாலரை. இரண்டிலும் எடுத்த இலக்கங்களை ஒரு எக்செல் தாளில் போட்டு, வரி, ஈபிஎஃப், வீட்டுக்கு அனுப்புகிற காசு, ஊருக்கு வந்து போகிற செலவு, முற்பணத்தைப் பன்னிரண்டால் பிரித்தது எல்லாம் கழித்து, கடைசியில் ரூபாயில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

நேரமிருந்தால் திருகோணமலைப் பக்கத்தில் போய் விலைகளைப் போட்டுவிட்டும் வாருங்கள், அஞ்சு நிமிட வேலை. கடற்கரை ஹோட்டல் விலையைப் போடாமல் நீங்கள் உண்மையில் சாப்பிடுகிற கடையின் விலையைப் போடுங்கள், வாடகையை லிங்கநகரிலும் பாலையூற்றிலும் குடும்பங்கள் கொடுக்கிற அளவில் போடுங்கள், மாரி தொடங்கியதும் இன்னொரு தடவை போடுங்கள். அடுத்த வருடம் வளாகத்தில் இருந்து வெளியே வருகிற பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கப் போகிறார்கள்.